ஒரே குடும்பம், ஏழு வருட இடைவெளி: ஐஎச்டிஎஸ் தரவை இணைத்து ஆராயும் முறை

நூறு வீடுகள் உள்ள ஒரு ஊரை வைத்துக்கொள்வோம். 2005இல் 40 வீடுகள் வறுமையில் இருந்தன, 2012இல் 25. ஒவ்வொரு முறையும் வேறு வேறு வீடுகளைத் தேர்ந்து கணக்கெடுத்திருந்தால் நமக்குத் தெரிவது இவ்வளவுதான்: வறுமை 15 வீடு குறைந்தது. அதே வீடுகளுக்குத் திரும்பப் போயிருந்தால் வேறொரு படம் கிடைக்கலாம். 25 வீடுகள் வறுமையிலிருந்து மீண்டிருக்கலாம், முன்பு ஓரளவு வசதியாக இருந்த 10 வீடுகள் புதிதாக அதில் விழுந்திருக்கலாம். 40இல் 25ஐக் கழித்து 10ஐக் கூட்டினாலும் அதே 25தான் வரும். அந்த 10 வீடுகள் ஏன் விழுந்தன, நோயா, கடனா, வேலை போனதா என்ற கேள்விக்குத் தொடர் கணக்கெடுப்பு ஒன்றுதான் பதில் சொல்லும்.

இந்தியா முழுவதற்கும் இப்படிப் பொதுப் பயன்பாட்டுக்குக் கிடைக்கும் தரவுகளில் முக்கியமானது ஐஎச்டிஎஸ் எனப்படும் இந்திய மனித மேம்பாட்டு ஆய்வு. டெல்லியிலுள்ள என்சிஏஇஆர் என்ற பொருளாதார ஆராய்ச்சி நிறுவனமும் அமெரிக்காவின் மேரிலாந்து பல்கலைக்கழகமும் சேர்ந்து நடத்துவது. முதல் சுற்று 2004–05இல், 1,503 கிராமங்கள், 971 நகர்ப்புறப் பகுதிகளில் 41,554 குடும்பங்கள். இரண்டாவது சுற்று 2011–12இல், 42,152 குடும்பங்கள். ஒரே ஊருக்குத் திரும்பத் திரும்பப் போவது தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. சென்னைப் பல்கலைக்கழகத்தின் கில்பர்ட் ஸ்லேட்டர் 1916இல் தன் மாணவர்களைக் கொண்டு தொடங்கிய ஊர் ஆய்வுகளில் இருவேல்பட்டு, கங்கைகொண்டான், தூசி போன்ற ஊர்கள் அடுத்த நூற்றாண்டு வரை பலமுறை மீண்டும் ஆராயப்பட்டன. ஸ்லேட்டர் ஊர்களில் ஊரே அலகு. ஐஎச்டிஎஸ்ஸில் குடும்பமும் ஆளும்தான் அலகு. அதனால்தான் இதில் இணைப்பு வேலை இவ்வளவு பெரிதாகிறது.

பலர் நேராக ரிக்ரெஷனுக்கு, அதாவது எது எதை எவ்வளவு பாதிக்கிறது என்ற கணிப்புக்கு, போய்விடுகிறார்கள். இந்தத் தரவில் தவறு நேர்வது பெரும்பாலும் அதற்கு முன்னால்தான்: 2005இன் ஆளும் 2012இன் ஆளும் ஒரே ஆள்தானா என்பதிலும், கண்டுபிடிக்க முடியாமல் போனவர்கள் யார் என்பதிலும். மூன்று மாத ஆய்வு என்றால் முதல் ஒரு மாதத்தை இந்த இரண்டுக்கும் ஒதுக்குங்கள்.

தரவை எடுத்து வைப்பது

மிச்சிகன் பல்கலைக்கழகத்திலுள்ள ஐசிபிஎஸ்ஆர் தரவுக் காப்பகத்தில் இலவசமாகப் பதிவு செய்துகொண்டு இறக்கலாம். முதல் சுற்றின் எண் 22626, இரண்டாவது 36151. இரண்டையும் இணைத்துத் தந்திருக்கும் தொகுப்பு 37382. ஸ்டேட்டா, எஸ்பிஎஸ்எஸ், எஸ்ஏஎஸ், ஆர் எனப் புள்ளியியல் மென்பொருள்களுக்கான எல்லா வடிவிலும் உண்டு.

இணைத்த தொகுப்பு இருக்கும்போது தனித்தனியாக ஏன் எடுக்க வேண்டும்? மூல வினாத்தாளும் மாறிகளின் (வயது, வருமானம் போலக் கோப்பிலுள்ள ஒவ்வொரு விவரமும் ஒரு மாறி) முழு விளக்கமும் தனித் தொகுப்புகளோடு வருவதால். இணைத்த தொகுப்பில் ஒரு மாறி இரண்டு சுற்றுக்கும் ஒரே பெயரில் இருந்தாலும், கேட்ட கேள்வி ஒன்றா என்பதை வினாத்தாளைப் பக்கத்தில் வைத்துத்தான் உறுதி செய்ய முடியும். வினாத்தாள் பிடிஎஃபை முதலில் இறக்கி, உங்களுக்குத் தேவையான பக்கங்களை அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கேள்விக்குப் பக்கத்திலுள்ள 'இல்லையெனில் அடுத்த பகுதிக்குச் செல்க' என்ற அம்புக்குறிகள் கணினிக் கோப்பில் தெரியாது. அந்த அம்புக்குறியால் கேட்கப்படாமல் விட்டவரும் கேட்டும் பதில் சொல்லாதவரும் கோப்பில் ஒரே மாதிரி வெற்றிடமாக நிற்பார்கள்.

மூலக் கோப்புகளை ஒரு ஃபோல்டரில் போட்டு, அதன்மேல் எதையும் சேமிக்காதீர்கள். எல்லா மாற்றமும் கட்டளைக் கோப்பு வழியாகவே நடக்கட்டும். எக்செல்லில் திறந்து கையால் திருத்தவே கூடாது.

அடையாள எண்ணைக் கட்டுவது

ஒரு குடும்பத்தின் அடையாளம் ஐந்து எண்களின் சேர்க்கை: மாநில எண், மாவட்ட எண், ஊர் அல்லது நகர்ப்பகுதி எண், குடும்ப எண், பிரிந்த குடும்பத்துக்கான எண். ஆள் என்றால் ஆறாவதாக ஆள் எண். இதை ஒட்டும் இடத்தில் மூன்று வழிகளில் கணக்கு உதைக்கும்.

முதலாவது, பூஜ்யம் வைத்து நிரப்பாமல் ஒட்டுவது. மாவட்டம் 1, ஊர் 12 என்பதும் மாவட்டம் 11, ஊர் 2 என்பதும் அப்படியே ஒட்டினால் இரண்டும் 112 ஆகிவிடும். ஒவ்வொரு பகுதிக்கும் நிலையான இலக்கம் வையுங்கள். 0112, 1102 என்று வந்தால் குழப்பமில்லை.

இரண்டாவது, எண்களைச் சேமிக்க ஸ்டேட்டா இயல்பாக எடுக்கும் 'ஃப்ளோட்' வகையில் சேமிப்பது. அது 1,67,77,216 வரைதான் முழு எண்களைப் பிசகாமல் வைத்திருக்கும். ஒன்பது இலக்க எண்ணைக் கொடுத்தால் எந்த எச்சரிக்கையும் இல்லாமல் அருகிலுள்ள எண்ணுக்கு மாற்றிவிடும். பக்கத்துப் பக்கத்து வீடுகள் ஒரே எண்ணுக்கு வந்து சேரும். அதைவிட அதிக இலக்கம் தாங்கும் 'டபுள்' வகையிலோ எழுத்துச் சரமாகவோ வையுங்கள். எழுத்துச் சரமே பாதுகாப்பு.

மூன்றாவது, சிஎஸ்வி கோப்பை எக்செல்லில் திறப்பது. முன்னால் இருக்கும் பூஜ்யங்களை அது உதிர்த்துவிடும். காஷ்மீர் 01, இமாசலம் 02, பஞ்சாப் 03, உத்தரப் பிரதேசம் 09 என்ற மாநிலங்கள் அடிபடும். தமிழ்நாட்டின் எண் 33. அதனால் தமிழ்நாட்டை மட்டும் வைத்துச் சோதித்துப் பார்ப்பவருக்கு இந்தப் பிழை கண்ணிலேயே படாது. இந்தியா முழுவதற்கும் ஓட்டும்போதுதான் வட மாநிலங்கள் இணையாமல் நிற்கும்.

அடையாள எண் தயாரானதும், ஒவ்வொரு கோப்பிலும் அது ஒரு முறைதான் வருகிறதா என்று பாருங்கள். முதல் சுற்றுக் குடும்பக் கோப்பில் 41,554 வரிகள், 41,554 தனி எண்கள். ஒன்று குறைந்தாலும் மேலே போகாதீர்கள்.

குடும்பங்களை இணைப்பது

2005இல் ஒரே அடுப்பாக இருந்த வீடு 2012இல் அண்ணன் தம்பி தனிக்குடித்தனமாக இரண்டு மூன்று வீடாகியிருக்கும். அப்படிப் பிரிந்த குடும்பங்கள் அதே ஊரிலேயே இருந்தால் கணக்கெடுப்பாளர்கள் அவற்றையும் சந்தித்தார்கள். ஆகவே இணைப்பு ஒன்றுக்கு ஒன்று அல்ல, ஒன்றுக்குப் பல. ஸ்டேட்டாவில் ஒன்றுக்குப் பல என்று சொல்லியே இணையுங்கள். பலவுக்குப் பல என்ற தேர்வை எக்காரணம் கொண்டும் தொடாதீர்கள். அது வரிசைப்படி எதையாவது எதோடாவது ஒட்டி, பிழை என்று எதுவும் சொல்லாமல் முடித்துவிடும்.

இணைத்த பிறகு எண்ணிக்கை இப்படி வர வேண்டும்: மீண்டும் சந்தித்த மூலக் குடும்பங்கள் 34,621, அதாவது 83 சதவீதம். அவற்றிலிருந்து பிரிந்தவை 5,397. இரண்டும் சேர்ந்து 40,018. இழப்பை ஈடுகட்டப் புதிதாகச் சேர்த்தவை 2,134. மொத்தம் 42,152. இந்தப் புதிய குடும்பங்களுக்கு 2005 விவரம் கிடையாது. தொடர் ஆய்வில் அவற்றை விட்டுவிடுங்கள், 2012 நிலவரத்தை மட்டும் சொல்லும் அட்டவணையில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பிரிந்த குடும்பங்களில் இன்னொரு சிக்கல். 2005இல் ஆறு ஏக்கர் வைத்திருந்த கூட்டுக்குடும்பம் பாகம் பிரித்து ஆளுக்கு மூன்று ஏக்கர் ஆகியிருக்கும். குடும்பம் என்ற அலகில் பார்த்தால் இரண்டு வீடும் பாதி நிலத்தை இழந்ததாகத் தெரியும். உண்மையில் ஒரு சென்ட் கூடப் போகவில்லை. நிலம், சொத்து, மொத்த வருமானம் பற்றிய கேள்வி என்றால் பிரிந்த கிளைகளைத் திரும்பக் கூட்டி மூலக் குடும்பத்தோடு ஒப்பிடுங்கள், அல்லது தலைக்கு இவ்வளவு என்று மாற்றுங்கள். அதே ஊரில் இல்லாத கிளை கணக்கில் வராது என்பதை ஆய்வுரையில் சொல்லிவிடுங்கள்.

ஆட்களை இணைப்பது

இங்கேதான் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க வேண்டும். எடுத்துக்காட்டுக்கு ஒரு வீட்டின் பட்டியலைப் பாருங்கள். 2005இல்: வரி 1 குடும்பத்தலைவர் 46 வயது, வரி 2 மனைவி 40, வரி 3 மகன் 19, வரி 4 மகள் 16, வரி 5 மகன் 12. அதே வீடு 2012இல்: வரி 1 தலைவர் 53, வரி 2 மனைவி 45, வரி 3 மகன் 26, வரி 4 மருமகள் 22, வரி 5 பேரன் 3, வரி 6 மகன் 19.

பட்டியலின் வரி எண்ணை வைத்து இணைத்தால் என்ன ஆகும்? வரி 5இல் 12 வயதுப் பையன் 3 வயதுக் குழந்தையாகிறான். இதை வயதுச் சோதனை பிடித்துவிடும். வரி 4ஐப் பாருங்கள். 16 வயதுப் பெண் 22 வயதுப் பெண்ணாகிறாள். பால் பொருந்துகிறது. வயது இடைவெளி 6, அதுவும் பொருந்துகிறது. திருமணமாகாதவள் திருமணமானவளாகியிருக்கிறாள், இயல்புதான். பத்தாவது படித்தவள் பன்னிரண்டாவது முடித்திருக்கிறாள், அதுவும் நம்பும்படி இருக்கிறது. ஆனால் மகள் கட்டிக்கொடுத்துப் போய்விட்டாள். வந்திருப்பது மருமகள். இரண்டு வெவ்வேறு பெண்களின் வாழ்க்கையை ஒட்டி ஒரு பெண்ணாக்கிவிட்டோம். பெண்கள் கல்வி பற்றிய ஆய்வில் இதைவிடக் கேடு வேறில்லை.

தரவோடு வரும் தனிநபர் இணைப்பு எண்ணைத்தான் பயன்படுத்த வேண்டும், வரி எண்ணை அல்ல. அதற்குப் பிறகும் நான்கு சோதனைகளைச் செய்யுங்கள்:

- பால் மாறியிருந்தால் அந்த இணைப்பை நீக்குங்கள்.
- வயது இடைவெளி 7ஐச் சுற்றி இருக்க வேண்டும். 2க்குக் குறைவு, 12க்கு மேல் என்றால் தனியே எடுத்து வையுங்கள். நம் மக்கள் வயதை 35, 40, 45 என்று முழுசாகச் சொல்வார்கள், அதனால் பெரியவர்களிடம் இடைவெளி 5 அல்லது 10 என்று குவியும். அது தவறான இணைப்பு அல்ல. இருபது வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு மட்டும் எல்லையை 4 முதல் 10 வரை என்று இறுக்கலாம்.
- குடும்பத்தலைவரோடு உறவு. மகள் மருமகளாக மாறியிருந்தால் தவறு. மனைவி தலைவியாக மாறியிருந்தால் முதலில் தலைவர் உயிரோடு இருக்கிறாரா என்று பாருங்கள். கணவர் இறந்து அவர் தலைவியாகியிருந்தால் சரியான இணைப்புதான். தலைவர் மாறினால் எல்லோருடைய உறவும் மாறும், ஆகவே இந்தச் சோதனையைக் கண்மூடித்தனமாக எழுத முடியாது.
- படித்த வருடங்கள் குறைந்திருந்தால். ஒன்றிரண்டு வருடம் குறைவது மறதி. ஐந்து வருடம் குறைந்தால் ஆளே வேறாக இருக்கலாம்.

சந்தேகப்பட்டவர்களை ஒரேயடியாக அழிக்காதீர்கள். ஒரு குறி போட்டு வைத்து, அவர்களோடும் அவர்கள் இல்லாமலும் இரண்டு முறை முடிவை எடுத்துப் பாருங்கள். முடிவு பெரிதாக மாறினால், அது அந்தச் சில வரிகள் மேல் நிற்கிறது என்று அர்த்தம்.

காணாமல் போனவர்கள்

100க்கு 17 மூலக் குடும்பங்கள் இரண்டாவது சுற்றில் இல்லை. இவர்கள் தற்செயலாக விடுபட்டவர்கள் அல்ல. கிராமத்தைவிட நகரத்தில் இழப்பு அதிகம், சொந்த வீட்டுக்காரர்களைவிட வாடகைக்கு இருந்தவர்கள் எளிதாக இடம் மாறுவார்கள். ஊரைவிட்டுப் போனவர்களைத் தேடிப் போகும் அமைப்பு இதில் இல்லாததால், இடம்பெயர்ந்து முன்னேறிய குடும்பமும் இடம்பெயர்ந்து சிதைந்த குடும்பமும் ஒன்றுபோல மறைந்துவிடுகின்றன.

இதை ஓரளவு சரிசெய்ய ஒரு வழி உண்டு. 2005இன் எல்லா 41,554 குடும்பங்களையும் எடுத்து, 'மீண்டும் கிடைத்தது' என்றால் 1, இல்லையென்றால் 0 என்று ஒரு மாறி அமையுங்கள். 2005 விவரங்களை மட்டும் கொண்டு, அதாவது நகரம் கிராமம், சொந்த வீடு வாடகை வீடு, குடும்ப அளவு, தலைவரின் வயதும் படிப்பும், சாதி, மதம், மாநிலம் ஆகியவற்றைக் கொண்டு, ஆம்/இல்லை முடிவுகளுக்கான லாஜிட் என்ற ரிக்ரெஷன் மாதிரியில், ஒவ்வொரு குடும்பமும் மீண்டும் கிடைப்பதற்கான வாய்ப்பைக் கணியுங்கள். பிறகு முதல் சுற்றின் எடையை, அதாவது மாதிரியிலுள்ள ஒரு குடும்பம் நாட்டில் எத்தனை குடும்பங்களுக்காக நிற்கிறது என்ற எண்ணை, அந்த வாய்ப்பால் வகுங்கள். ஒரு குடும்பத்தின் எடை 4,000, கிடைக்கும் வாய்ப்பு 0.8 என்றால் புதிய எடை 5,000. தன்னைப் போன்றே இருந்து காணாமல் போன குடும்பங்களுக்கும் சேர்த்து அது நிற்கிறது. வாய்ப்பு மிகக் குறைவாக வரும் சில குடும்பங்களின் எடை ஊதிப்போகும். மேலேயுள்ள ஒரு சதவீதத்தை எல்லை கட்டி நிறுத்துங்கள்.

இந்த மருந்து எல்லா நோய்க்கும் ஆகாது. 2005இல் 16 வயதாக இருந்த பெண்களை எடுத்துக்கொள்ளுங்கள். 2012இல் அவர்களுக்கு 23. பிறந்த வீட்டிலேயே இன்னும் இருப்பவர்களில் பெரும்பாலோர் திருமணமாகாதவர்கள். 'பள்ளிப் படிப்பு திருமண வயதைத் தள்ளிப்போடுகிறதா' என்ற கேள்விக்குக் கிடைத்த பெண்களை மட்டும் வைத்துப் பதில் தேடினால், விடை கேள்வியிலேயே ஒளிந்திருக்கும். எடையைத் திருத்துவதால் இது தீராது. இரண்டாவது சுற்றில் முந்தைய உறுப்பினர்கள் என்ன ஆனார்கள், இறந்தார்களா, மணமாகிப் போனார்களா, வேலைக்குப் போனார்களா என்று பதிந்த தனிக் கோப்பு இருக்கிறது. அதை இணைத்துப் பயன்படுத்துங்கள். திருமண வயது போன்ற கேள்விகளுக்கு, 15 முதல் 49 வயதுவரையுள்ள மணமான பெண்களிடம் நேரடியாகக் கேட்ட பகுதி இதைவிட ஏற்றது.

ரூபாயை ஒரே அளவுக்குக் கொண்டுவருவது

மாத வருமானம் 2005இல் 3,000 ரூபாய், 2012இல் 4,500 ரூபாய், இடையில் விலைக் குறியீடு 100இலிருந்து 180 ஆனது என்று வையுங்கள். 4,500ஐ 1.8ஆல் வகுத்தால் 2,500. ஏறியதாகத் தெரிந்த வருமானம் இறங்கியிருக்கிறது. கிராமத்துக்கு விவசாயத் தொழிலாளர் விலைக் குறியீட்டையும் நகரத்துக்குத் தொழிற்சாலைத் தொழிலாளர் விலைக் குறியீட்டையும் எடுப்பது வழக்கம். தரவிலேயே ஒரு விலைத் திருத்தி மாறி இருக்கிறது. அதால் பெருக்க வேண்டுமா வகுக்க வேண்டுமா என்பதை விளக்கக் கையேட்டில் பார்த்துவிட்டு, சராசரியை ஒரு முறை கணக்கிட்டுப் பொருத்தம் பாருங்கள். தலைகீழாகச் செய்தால் வருமானம் ஏழு வருடத்தில் மூன்று மடங்கானதாக வரும்.

செலவுக் கேள்விகளில் அரிசி, பருப்பு போன்றவை கடந்த 30 நாளுக்கு, துணி, மருத்துவமனை, கல்விக் கட்டணம் போன்றவை 365 நாளுக்கு. நீங்களே சில பொருள்களை மட்டும் கூட்டி மாதச் செலவு எடுப்பதாக இருந்தால், 365 நாள் செலவை 12ஆல் வகுக்க மறக்காதீர்கள். வறுமைக் கோட்டு மாறியைப் பொறுத்தவரை, இரண்டு சுற்றுக்கும் ஒரே அரசுக் கமிட்டி வகுத்த கோடுதானா என்று பார்த்த பிறகே ஒப்பிடுங்கள்.

குறை எண்களைக் கண்டதும் அழிக்கும் பழக்கமும் பலருக்கு உண்டு. வயதில் குறை எண் இருந்தால் அது விடுபட்டதற்கான குறியீடு. வருமானத்தில் குறை எண் இருந்தால் அது உண்மையாக இருக்கலாம்: விதை, உரம், கூலி என்று போட்ட முதல் விளைச்சலில் திரும்பாத விவசாயி. அந்த வரிகளை அழித்தால் நொடித்துப்போன விவசாயிகளையே ஆய்விலிருந்து வெளியேற்றுகிறோம். குறை எண்ணுக்கு மடக்கை (லாக்) எடுக்க முடியவில்லை என்றால் வருமானத்துக்குப் பதில் தலைக்கான செலவை எடுங்கள்.

மாற்றத்தை அளக்கும்போது

2005இல் மிகக் குறைந்த வருமானம் இருந்தவர்கள்தான் அதிகம் வளர்ந்தார்கள் என்று ஒரு முடிவு கிட்டத்தட்ட எப்போதும் வரும். அதை நம்பி எழுதிவிடாதீர்கள். மழை பொய்த்த ஒரு வருடத்தில் கணக்கெடுக்கப்பட்ட விவசாயி கீழே தெரிவார், அடுத்த முறை தன் வழக்கமான நிலைக்குத் திரும்பியதே வளர்ச்சியாகத் தெரியும். வருமானத்தைச் சொல்வதில் உள்ள பிசகும் இதே திசையில் இழுக்கும். ஏழை, நடுத்தரம், வசதி என்று பிரிப்பதை 2005 வருமானத்தை வைத்துச் செய்யாமல், வீட்டிலுள்ள பொருள்களின் எண்ணிக்கையை வைத்துச் செய்யுங்கள். மின்விசிறி, கட்டில், சைக்கிள், டிவி எல்லாம் ஒரு மழையில் ஏறி இறங்குவதில்லை. இரண்டு சுற்றிலும் கேட்ட பொருள்களை மட்டும் எண்ணுங்கள். இரண்டாவது சுற்றின் பட்டியல் நீளமானது.

அதே குடும்பத்தை அதனோடேயே ஒப்பிடும் நிலைவிளைவு (ஃபிக்ஸட் எஃபெக்ட்ஸ்) மாதிரி பலருக்குப் பிடித்தது. சாதி, ஊர், பரம்பரை என்று மாறாத எல்லாம் அதில் தானாகக் கழிந்துபோகும். கூடவே, மாறாதவர்களும் கழிந்துபோகிறார்கள் என்பதை நினைவில் வையுங்கள். கழிப்பறையின் விளைவை அளக்கிறீர்கள் என்றால், இரண்டு முறையும் கழிப்பறை இருந்த வீடும் இரண்டு முறையும் இல்லாத வீடும் அந்த விளைவைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. எத்தனை வீடுகள் மாறின என்ற எண்ணிக்கையை அட்டவணையின் கீழ் வரியில் கொடுங்கள். முப்பதாயிரம் வீடுகளில் 900தான் மாறியிருந்தால், உங்கள் ஆய்வின் அளவு 900தான்.

இந்த இரு சுற்றுகளுக்கு நடுவில்தான் நூறு நாள் வேலைத் திட்டம் வந்தது: பிப்ரவரி 2006இல் 200 மாவட்டங்கள், 2007இல் மேலும் 130, ஏப்ரல் 2008இல் மீதி எல்லாம். முன்னும் பின்னும் பார்க்க அருமையான வாய்ப்பு. ஆனால் முதல் 200 மாவட்டங்கள் பின்தங்கியவை என்பதாலேயே தேர்ந்தெடுக்கப்பட்டவை, 2012இலோ திட்டம் இல்லாத கிராமப்புற மாவட்டமே இல்லை. மாவட்டங்களைத் 'திட்டம் உள்ளது, இல்லாதது' என்று பிரிக்க இரண்டாவது சுற்று உதவாது. வேலைக்குப் போன வீட்டையும் போகாத வீட்டையும் ஒப்பிட்டால், யார் போனார்கள் என்ற தேர்வுச் சிக்கல் முன்னால் வந்து நிற்கும்.

பிழை எல்லையைக் கணக்கிடும்போது 2005இன் ஊர் அலகில் தொகுக்க (கிளஸ்டர்) மென்பொருளிடம் சொல்லுங்கள். ஒரே ஊரின் வீடுகளுக்கு ஒரே மழை, ஒரே சந்தை. பிரிந்த கிளைகளும் அதே ஊருக்குள் அடங்கிவிடும். மக்களில் எத்தனை சதவீதம் என்று சொல்வதாக இருந்தால் குடும்ப எடையை ஆட்களின் எண்ணிக்கையால் பெருக்க வேண்டும்.

தமிழ்நாட்டை மட்டும் எடுத்தால்

மாநில அளவில் மொத்தக் கணக்குச் சொல்லலாம். மாவட்ட அளவில் கூடாது. மாவட்ட எண் கோப்பில் இருக்கிறதே என்று மாவட்ட வாரியாக வறுமை விகிதம் போடுபவர்கள் உண்டு. ஒரு மாவட்டத்துக்குச் சில ஊர்களே மாதிரியில் வந்திருக்கும், அவை அந்த மாவட்டத்தின் முகம் ஆகாது. கிருஷ்ணகிரி 2004இலும் திருப்பூர் 2009இலும் உருவானவை. 2001 மக்கள்தொகைக் கணக்கோடு ஒப்பிடும்போது முன்னதைத் தர்மபுரியோடும், பின்னதைக் கோவை, ஈரோட்டோடும் பொருத்திப் பாருங்கள். அண்டை மாநிலமான ஆந்திரம் இரண்டு சுற்றிலும் தெலங்கானாவோடு சேர்ந்தது, 2014க்குப் பிந்தைய எண்களோடு நேராக ஒப்பிட முடியாது.

கடைசியாக, ஊரின் பெயர் கோப்பில் இல்லை. கிராமக் கோப்பிலுள்ள மக்கள்தொகை, பேருந்து நிறுத்தத் தூரம் போன்றவற்றை வைத்து எந்த ஊர் என்று கண்டுபிடிக்க முயலாதீர்கள். பெயர் வெளியே வராது என்ற உறுதியின் பேரில்தான் அந்த மக்கள் தங்கள் கடனையும் குடும்பச் சண்டையையும் சொன்னார்கள். அட்டவணையில் ஒரு கட்டத்தில் ஐந்து குடும்பங்களுக்குக் குறைவாக வந்தால், பக்கத்துக் கட்டத்தோடு சேர்த்த பிறகே அச்சுக்குக் கொடுங்கள்.